தீர்ப்புக்கு முன்னே ஆதாரம்

சிறுகதை ஒன்றை மாணவர்க்குக் கற்பித்தல் எளிய காரியமென்று எண்ணுவோர் பலர். பாத்திரங்கள் யாவர், நிகழ்ச்சி யாது, ஆசிரியர் புகட்டும் நீதி என்ன என்னும் மூன்று வினாக்களுக்கு விடை எழுதுவித்தாற் பாடம் முடிந்தது. பரீட்சையிலும் புள்ளி கிடைத்துவிடும். குடும்பக் கதைக்கும் நகைச்சுவைக் கதைக்கும் இம்முறை ஓரளவு போதியதாகலாம். ஆனால், ஓர் இனத்தார் மற்றோர் இனத்தாருக்கு இழைத்த அநீதியைப் பொருளாகக் கொண்ட கதை வகுப்பறைக்குள் வரும்போது இம்முறை தோற்றுவிடுகிறது.

காரணம் வெளிப்படை. அத்தகைய கதையில் நீதி என்ன என்னும் வினாவுக்குரிய விடை, கதையைப் படிக்குமுன்னரே மாணவனிடம் ஆயத்தமாக இருக்கிறது. கொடுமை செய்தவன் தீயவன், கொடுமைப்பட்டவன் நல்லவன், நாம் பட்டவர் பக்கம். இவ்வளவோடு அவன் கொப்பியை மூடிவிடுகிறான். கதை அவனுக்குப் புதிதாக எதையும் தருவதில்லை. ஏற்கெனவே அவன் நெஞ்சிற் கனன்றுகொண்டிருந்த தழலுக்குச் சிறிது எண்ணெய் வார்ப்பதோடு நின்றுவிடுகிறது.

இலக்கியம் கற்பிக்கும் நாம் இதனை இலேசாகக் கருதுதல் தகாது. இனத்துவேஷம் என்பதே ஒருவகைத் தவறான வாசிப்பு. ஒருவருடைய பெயரையோ நிறத்தையோ பேச்சையோ கண்டமாத்திரத்தே, ஆதாரம் பாராமல் முடிவுக்கு வரும் பழக்கம். அப்பழக்கத்தைக் கதை படிக்கும் வேளையிலும் வளர்த்துவிட்டு, மறுநாள் இன ஒற்றுமையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வதாற் பயன் யாது?

குண்டசாலையின் பாடம்

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் பெருவீதியின் பக்கலில், மகாவலி கங்கை வளைந்தோடும் நிலப்பரப்பில் அமைந்துள்ளது குண்டசாலை. 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் இங்கே அரண்மனை அமைத்து வாழ்ந்தமையால், சிங்கள மக்கள் அவனைக் குண்டசாலை அரசன் என்றே வழங்கினர். அவனுடைய தேவியர் மதுரையிலிருந்து வந்தவர்கள். அவனுக்குப்பின் அரியணை ஏறியவனும் அத்தேவியருள் ஒருத்தியின் சகோதரனே. அவ்வழி வந்த நாயக்கர் மரபினர் 1815 வரை கண்டியில் அரசு செலுத்தினர். பின்னர் ஆங்கிலேயர் கோப்பியும் தேயிலையும் பயிரிட்டபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மத்திய மலைநாடெங்கும் குடியேறினர். வணிகத்திலும் விவசாயத்திலும் ஈடுபட்ட முஸ்லிம் மக்கள் அதற்கும் முன்னரே கண்டி இராச்சியத்தில் வேரூன்றியிருந்தனர். ஆகவே, குண்டசாலைக் கடைத்தெருவில் மூன்று சமூகத்தாரும் ஒருவர் தோளை ஒருவர் உரசி நடப்பது இன்று நேற்று வந்த புதுமையன்று.

இத்தகைய ஊரின் அருகேதான் 2018ஆம் ஆண்டு அது நிகழ்ந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 22ஆம் திகதி, தெல்தெனியப் பகுதியில் வீதியில் ஏற்பட்ட தகராறு ஒன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் வாலிபர் நால்வர் தாக்கினர். மார்ச் 3ஆம் திகதி அவர் வைத்தியசாலையில் உயிர்நீத்தார். குற்றம் நிகழ்ந்தது உண்மை. அதற்குரியோர் நால்வர் என்பதும் தெரிந்ததே. ஆயினும், மார்ச் 5ஆம் திகதி குண்டசாலைப் பிரதேசத்தைச் சார்ந்த திகன நகரிலும் அயலிலும் எரிந்தவை அந்நால்வரோடு எவ்விதத் தொடர்புமில்லாத முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களுமாம். எரிந்த வீடொன்றினுள் ஓர் இளைஞர் மாண்டார். மறுநாள் நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. வதந்திகள் பரவாதிருக்கச் சமூக ஊடகங்களும் நிறுத்திவைக்கப்பட்டன.

அன்று நால்வர் செய்த குற்றம் ஒரு சமூகத்தின் குற்றமாக வாசிக்கப்பட்டது. கைபேசியில் வந்த செய்தியை யார் எழுதினார், எங்கிருந்து எழுதினார், அதற்குச் சான்று யாது என்று ஒரு கணம் கேட்கப் பழகியவர் கூட்டத்தில் எத்தனை பேர் இருந்திருப்பர்? இலக்கிய வகுப்பிலே நாம் கற்பிக்கவேண்டிய வினாக்களும் இவையே அன்றோ?

பாண்டியன் செய்த பிழை

ஆதாரமின்றித் தீர்ப்பளித்தலின் கொடுமையைத் தமிழ் மாணவர்க்கு விளக்க நாம் வேறு நாட்டுக்குச் செல்லவேண்டுவதில்லை, சிலப்பதிகாரமே போதும். கோவலன் மதுரைக்கு அந்நியன். புகாரிலிருந்து பிழைக்க வந்தவன். ஊரில் அவனை அறிந்தார் எவருமிலர். அரண்மனைச் சிலம்பைத் தானே கவர்ந்துவைத்திருந்த பொற்கொல்லனுக்கு இந்த அந்நியன் வாய்ப்பாக அமைந்தான். அரசன் பொற்கொல்லனின் சொல்லை நம்பினான்; விசாரணையின்றிக் கட்டளையிட்டான்; கோவலன் வெட்டுண்டான்.

பின்னர் அரசவையிலே கண்ணகி செய்தது யாது? அவள் அழுதாள், சினந்தாள், ஆனால், அவற்றோடு நின்றுவிடவில்லை. தன் சிலம்பினுள் இருப்பது மாணிக்கப்பரல் என்றாள். அரசியின் சிலம்பினுள் இருப்பது முத்துப்பரல் என்று அரசன் வாயாலேயே வெளிவரச் செய்தாள். பின் உடைத்துக் காட்டினாள். அந்த ஒரு பரலின் முன்னே ஓர் அரசின் அதிகாரம் முழுவதும் சரிந்து வீழ்ந்தது.

இதனை நாம் மாணவர்க்கு இலக்கிய ஆய்வின் முதற்பாடமாகச் சொல்வதுண்டு. நீ ஒரு முடிவைச் சொல்லும்போது, கதையிலிருந்து ஒரு பரலை எடுத்துக் காட்டு. அது முத்தா, மாணிக்கமா என்று எல்லோரும் காணட்டும். காட்ட இயலாவிடின், நீ நிற்பது கண்ணகியின் பக்கமன்று, பாண்டியன் பக்கம்.

இரண்டு பத்திகள்

இவ்வுண்மையைப் பயிற்சியாக்க நாம் கையாளும் முறை மிக எளியது. கொப்பியின் ஒரு பக்கத்தை நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரிக்கச் சொல்வோம். இடப்பக்கத்துக்குத் தலைப்பு: கதையில் உள்ளது. வலப்பக்கத்துக்குத் தலைப்பு: நாம் கொண்டுவந்தது. கதையிலே எழுத்தில் உள்ள செய்தி இடப்பக்கம். அதிலிருந்து நாம் ஊகித்தது வலப்பக்கம். இவ்வளவே.

இப்பயிற்சிக்குப் பெரிதும் பொருத்தமான கதை, அமெரிக்க நாட்டின் கறுப்பின எழுத்தாளர் டோனி மொறிசன் எழுதிய 'ரெசிடடீஃப்' என்பது. 1993ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற இவ்வம்மையார் வெளியிட்ட சிறுகதை இது ஒன்றே. 1983இல் ஒரு தொகுதியில் வந்தது. தலைப்பு இசைநாடகத்திலே பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட ஒரு முறையைக் குறிப்பது.

கதை இது. ட்வைலா, ரொபேட்டா என்னும் இரு சிறுமியர் அநாதைச் சிறார் விடுதி ஒன்றில் ஓர் அறையில் சில மாதங்கள் வாழ்கின்றனர். இருவருக்கும் தாயர் உளர். ட்வைலாவின் தாய் இரவெல்லாம் நடனமாடுபவள். ரொபேட்டாவின் தாய் நோயாளி. இருவருள் ஒருத்தி வெள்ளையினத்தவள், மற்றவள் கறுப்பினத்தவள். ஆனால், எவள் எவ்வினம் என்பதை ஆசிரியர் கதை முழுவதிலும் ஓரிடத்திலேனும் சொல்லவில்லை! இனத்தைக் காட்டும் குறிகள் யாவற்றையும் கதையிலிருந்து நீக்கி எழுதிப் பார்த்த சோதனை இது என்று அவரே பிற்காலத்தில் விளக்கியுள்ளார். சிறுமியர் வளர்ந்து, மணம் முடித்து, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பாராது சந்திக்கின்றனர். ட்வைலா தீயணைப்புத் தொழிலாளி ஒருவரின் மனைவி. ரொபேட்டா செல்வந்தர் ஒருவரின் மனைவி. வெவ்வேறு இனப் பிள்ளைகளை ஒரே பாடசாலையிற் சேர்ப்பதற்காக அவர்களைப் பஸ் வண்டிகளில் ஏற்றிச்செல்லும் திட்டம் வந்தபோது, இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று பதாகை தூக்குகின்றனர்.

இக்கதையை உயர்தர வகுப்பு மாணவர்க்கு நாம் தமிழிற் சொல்லி, கறுப்பினத்தவள் யார் என்று வினவினோம். ஐந்து நிமிடத்திற்குள் விடைகள் குவிந்தன. ட்வைலாதான் என்றான் ஒரு மாணவன்; அவள் தாய் பிள்ளையைக் கவனியாமல் ஆடித்திரிபவள் என்பது அவன் காட்டிய காரணம். பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், பிள்ளையைக் கவனியாத தாய் கறுப்பினத்தவள் என்று கதையில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று. அம்மாணவன் தன் விடையை இடப்பத்தியிலிருந்து அழித்து வலப்பத்தியில் எழுதினான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

தொடர்ந்து ஒவ்வோர் ஆதாரமாக எடுத்து ஆராய்ந்தோம். ரொபேட்டாவின் தாய் மார்பிலே பெரிய சிலுவை அணிந்து, கையிலே வேதநூலோடு வந்து, ட்வைலாவின் தாய் நீட்டிய கையைப் பற்ற மறுத்துச் செல்கிறாள். கறுப்பினத்தவளைத் தீண்ட விரும்பாத வெள்ளைப் பெண் என்றனர் சிலர். ஒழுக்கமற்ற வெள்ளைப் பெண்ணை வெறுத்த பக்தி மிக்க கறுப்புத் தாய் என்றனர் வேறு சிலர். இரண்டுக்கும் கதை இடந்தருகிறது, ஒன்றையும் உறுதிசெய்யவில்லை. ரொபேட்டாவின் செல்வமும் அவ்வாறே. செல்வம் என்றவுடன் வெள்ளை நிறம் நம் நினைவுக்கு வருமாயின், அதனைக் கொண்டுவந்தவர் நாமேயன்றி ஆசிரியரல்லர்.

பாடத்தின் முடிவில், இடப்பத்தி ஏறக்குறைய வெறுமையாகவும் வலப்பத்தி நிரம்பியும் இருந்தது. தன் மனத்தில் உள்ள இனத்துவேஷத்தைத் தன் கையெழுத்திலேயே காண்பது ஒருவருக்குக் கூச்சத்தைத் தருவதுதான். ஆனால், அது பிறர் புகட்டிய உபதேசமன்று, தானே கண்டது. ஆதலின் நெடுநாள் நிற்கும்.

வாய் பேசாத மாகி

அக்கதையில் மூன்றாமவள் ஒருத்தி இருக்கிறாள். விடுதிச் சமையற்கட்டிற் பணிபுரியும் மாகி, வாய் பேசாதவள், கால் வளைந்தவள். ஒருநாள் பழத்தோட்டத்தில் அவள் வீழ்ந்தாள். ட்வைலாவின் நினைவில் அவள் தானே இடறி வீழ்ந்தாள். பல்லாண்டுகளின் பின், பெரிய பெண்கள் தள்ளிவிட்டனர் என்கிறாள் ரொபேட்டா. மீண்டும் ஒருமுறை, நீயும் நானும் கறுப்பினத்தவளான அவளை உதைத்தோம் என்று குற்றஞ்சாட்டுகிறாள். ட்வைலாவோ, அவள் நிறம் யாதென்று தனக்கு நினைவேயில்லை என்று திகைக்கிறாள். இறுதியில், நாம் உதைக்கவில்லை. ஆனால், உதைக்க விரும்பினோம் என்னும் உண்மை வெளிவருகிறது.

மாணவர்க்கு நாம் இங்கே கேட்கும் வினா: இக்கதையில் எவருக்குக் குரல் உண்டு, எவருக்கு இல்லை? ட்வைலா கதையைச் சொல்கிறாள். ரொபேட்டா வாதிடுகிறாள். மாகி சொன்னது என்று ஒரு சொல்லேனும் இல்லை. தம் தாயரால் கைவிடப்பட்டு அநீதிக்குள்ளான இரு சிறுமியர், தம்மிலும் எளியவளான ஒருத்திமீது தம் வெறுப்பைத் திருப்பினர். அநீதிக்கு ஆளானவர் அநீதி செய்யார் என்னும் இலகுவான நம்பிக்கை இங்கே உடைகிறது. இந்த வினாவை ஏந்திக்கொண்டே நாம் நம்முடைய மலைநாட்டுக் கதைக்கு வருதல் வேண்டும்.

மருதியின் கதை

'துன்பக்கேணி' என்னும் சொல் பாரதியாருடையது. பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட பெண்களை எண்ணி அவர் பாடிய பாட்டில் அது வருகிறது. அச்சொல்லைத் தலைப்பாக்கி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி 1935இல் 'மணிக்கொடி' இதழிலே ஒரு நெடுங்கதை எழுதினார் புதுமைப்பித்தன். தலைப்பின் வழியைத் தேடுவதே ஆய்வின் ஒரு படி. ஒரு தீவின் துயரை மற்றொரு தீவின் துயரோடு இணைத்துப் பார்க்க ஆசிரியர் வாசகரை அழைக்கிறார் என்பதை மாணவர் இதனால் உணர்வர்.

கதையின் நாயகி மருதி, திருநெல்வேலிச் சீமைக் கிராமம் ஒன்றில், தாழ்த்தப்பட்ட சாதியிற் பிறந்தவள். கணவன் வெள்ளையன் சிறை சென்றபின் அவளுக்கு ஊரில் ஆதரவில்லை. ஆள் சேர்க்க வந்தவனின் சொல்லை நம்பி இலங்கை மலைத்தோட்டத்துக்கு வருகிறாள். அங்கே தோட்டத்து அதிகாரம் அவள் உழைப்பை மாத்திரமன்றி, மானத்தையும் உடல் நலத்தையும் பறித்துக்கொள்கிறது. அவள் மகள் அந்த மண்ணிலேயே வளர்கிறாள்.

இக்கதையைப் படிக்கும் மாணவர் முதலிற் சொல்வது: வெள்ளைத்துரை கொடியவன். மெய்யே, கதையில் அதற்குச் சான்று உண்டு, இடப்பத்தியில் எழுதலாம். அங்கே நிறுத்திவிட்டால் பாதிக் கதையையே படித்தவர்களாவோம். மருதியின் துன்பம் கப்பலேறிய பின் தொடங்கியதா? அன்று. அவள் சொந்தக் கிராமத்தில், தமிழ் பேசும் நிலவுடைமையாளரின் ஆட்சியில், சாதியின் பெயராலேயே தொடங்கிற்று. அவளைத் தோட்டத்துக்கு இட்டுச்சென்றவனும் அவள் மொழி பேசுபவனே. நிறத்தின் பெயரால் நிகழ்ந்த கொடுமைக்குச் சாதியின் பெயரால் நிகழ்ந்த கொடுமையே வாயிலாக அமைந்தது. இரண்டையும் ஒரே கதையில், ஒரே பெண்ணின் வாழ்வில் வைத்துக் காட்டியதே புதுமைப்பித்தனின் ஆற்றல். அவற்றுள் நமக்கு உவப்பான ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்வது வாசிப்பாகாது.

இவ்விடத்தில் வகுப்பறையில் ஒருவகைத் தயக்கம் எழுவதுண்டு. நம் துயரைச் சொல்லும் கதையில் நம் குற்றத்தை ஏன் தேடவேண்டும் என்று மாணவர் மனம் வினவும். அவ்வினா இயல்பானது; அதனை அடக்கிவிடாமல், சரித்திரத்தின் துணையோடு விடைகாண நாம் அவர்களை ஏவுவோம்.

சட்டத்தின் மொழியும் கதையின் மொழியும்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பான்மையினர் நாடற்றவராயினர். அடுத்து வந்த 1949ஆம் ஆண்டுச் சட்டம், குறித்த காலம் இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்தமைக்கு ஆதாரம் காட்டியவர்களுக்கு மாத்திரமே பிரஜாவுரிமைக்கு வழி வைத்தது. லயக் காம்பிராவிற் பிறந்து, பிறப்புச் சாட்சிப் பத்திரமும் இல்லாத ஏழை எதனைக் காட்டுவான்? தமிழ்ப் பிரதிநிதிகள் அனைவரும் ஒருமுகமாக நின்று இதனை எதிர்த்தனரா? இல்லை. இரண்டாம் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்த தமிழ்த் தலைவர்களும் இருந்தனர். அதனை ஏற்காது பிரிந்தோர் 1949 டிசெம்பரில் புதுக் கட்சி கண்டனர். இது எந்த இனத்துக்கும் தனியுடைமையல்லாத பலவீனம்.

1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிற் கொண்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்று விடப்பட்டது. 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்குவதற்கான சட்டம் 2003இல் நிறைவேறியது. முதற் சட்டத்துக்கும் இதற்கும் இடையே கழிந்தவை 55 ஆண்டுகள்.

இந்த ஒப்பந்தத்தையும் ஓர் இலக்கியப் பிரதியைப் போல ஆராயுமாறு மாணவர்க்குச் சொல்வோம். பேசுபவர் யார்? இரண்டு அரசுகள். பேசப்படுபவர் யார்? 9,75,000 பேர். அவருள் எவருக்கேனும் அங்கே பெயர் உண்டா? இல்லை. எவரையேனும் கேட்டார்களா? இல்லை. மாகியைப் போலவே அவர்களும் வாய் பேசாதவர்களாக அப்பிரதியில் நிற்கின்றனர். சிறுகதையின் அருமை இப்போதுதான் விளங்குகிறது. ஐந்து இலட்சம் என்னும் எண்ணிலிருந்து ஒரு மருதியை எடுத்து, அவளுக்குப் பெயரும் பசியும் மகளும் தந்து நம்முன் நிறுத்துவது கதை ஒன்றே.

பிற்காலத்தில் மலைநாட்டினின்றே எழுந்த எழுத்தாளர்கள் இப்பணியை மேற்கொண்டனர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தம் மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', கொழுந்து பறிக்கும் பெண்ணின் திறமையையும் தன்மானத்தையும் நடுவில் வைத்தது. தெளிவத்தை ஜோசப் லயத்தின் இடநெருக்கடியையும் அதனுள் வாழும் மனிதரின் நுண்ணுணர்வுகளையும் காட்டினார். புதுமைப்பித்தனின் மருதியையும் இராமையாவின் பெண்ணையும் அருகருகே வைத்துப் படித்தல் நல்ல பயிற்சி. வெளியிலிருந்து பார்த்தவர் எதனைக் கண்டார்? உள்ளிருந்து எழுதியவர் எதனைக் கண்டார்? பரிதாபத்துக்குரியவளாக ஒருத்தியைக் காண்பதற்கும் மதிப்புக்குரியவளாகக் காண்பதற்கும் உள்ள வேற்றுமை அப்போது புலப்படும்.

ஆய்வு சினத்தை ஆற்றிவிடுமா?

இம்முறையைக் கேள்வியுற்ற அன்பர் சிலர் ஓர் ஐயத்தை எழுப்புவதுண்டு. வீடு எரிந்துகொண்டிருக்கும்போது நெருப்பின் நிறத்தை ஆராய்வது முறையா? கொடுமையைக் கண்டு கொதிக்க வேண்டிய இளைஞரைப் பத்தி பிரித்து எழுதச் சொல்லிக் குளிரவைத்துவிடுகிறீர்களே என்பர்.

இந்த ஐயம் புறக்கணிக்கத் தக்கதன்று. உணர்ச்சியற்ற ஆய்வு உயிரற்றதே. ஆயினும், மீண்டும் கண்ணகியை நினைவோம். அவள் சினத்துக்கு வலிமை தந்தது பரல். வெறுங்கூச்சலை அரசன் காவலரைக்கொண்டு வெளியேற்றியிருக்க முடியும். உடைந்த சிலம்பை வெளியேற்ற முடியவில்லை. ஆய்வு சினத்தைத் தணிப்பதன்று. யார்மீது, எதன்பொருட்டு, எவ்வளவு சினக்கவேண்டும் என்பதைக் கற்பிப்பது.

அதற்கடுத்த கட்டமும் நினைக்கத்தக்கது. மதுரையை எரிக்கப் புறப்பட்ட கண்ணகி, அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்கித் தீயோரை மாத்திரமே பற்றுமாறு தீக்கடவுளுக்கு ஆணையிடுகிறாள். அரசன் ஒருவன் செய்த பிழைக்கு ஊர் முழுவதும் பொறுப்பாகுமா என்னும் வினா இளங்கோவடிகளின் நெஞ்சையும் உறுத்தியிருக்கவேண்டும். இல்லையேல் இந்த விலக்கு எதற்கு? ஆனால், ஆளறிந்து சுடும் நெருப்பு காப்பியத்தில் மாத்திரமே உண்டு. திகனயில் மூட்டப்பட்ட நெருப்பு அவ்வாறு பார்த்து எரியவில்லை. 1983 யூலையில் கொழும்பிலும் கண்டியிலும் தமிழரின் கடைகளை எரித்த நெருப்பும் பார்த்து எரியவில்லை. இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்திற் சொல்லக் கற்ற மாணவன், கதையை நன்கு படிக்கக் கற்றவன் என்போம்.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும்

இப்பயிற்சிக்கு வகுப்பறைதான் வேண்டுமென்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, தேநீர் அருந்தும் வேளையிலே, ஒரு சிறுகதையைப் பிள்ளை உரத்துப் படிக்கப் பெற்றோர் கேட்கலாம். படித்து முடிந்ததும், இது சொல்லும் நீதி என்ன என்று உடனே கேளாதீர்கள். அவ்வினாவை இறுதிக்கு ஒதுக்கிவையுங்கள். அதற்குமுன் நான்கு வினாக்கள் உண்டு.

முதலாவது: இக்கதையை நமக்குச் சொல்பவர் யார்? வேறொருவர் சொன்னால் எவ்வாறு மாறும்? இரண்டாவது: யாருக்குப் பெயரும் பேச்சும் உண்டு, யார் பெயரும் பேச்சுமின்றி வந்துபோகின்றனர்? மூன்றாவது: இவர் நல்லவர், இவர் தீயவர் என்று நாம் எண்ணியதற்குக் கதையில் எந்த வரி ஆதாரம்? நான்காவது: நம்மைப் போன்றவர்கள் இக்கதையில் எங்கே நிற்கின்றனர், துன்பப்படுபவரிடத்து மாத்திரமா, வேறெங்கேனுமா?

நான்காம் வினாவே கடினமானது. அதற்குப் பெற்றோரும் விடை சொல்லவேண்டும். தோட்டப்புறத்து மக்களைக் குறிக்க நம் வீடுகளில் வழங்கும் இழிசொற்கள் இல்லையா? அயல்வீட்டுச் சிங்களவரையோ முஸ்லிமையோ பற்றிப் பேசும்போது, ஒருவர் செய்ததை எல்லோர்மீதும் ஏற்றி, 'அவர்கள் அப்படித்தான்' என்று நாம் முடிப்பதில்லையா? பிள்ளைகள் இவற்றைக் கேட்டே வளர்கின்றனர். கொப்பியின் வலப்பத்தியில் அவர்கள் எழுதுவனவற்றுட் பல, நம் வீட்டுக் கூடத்திலிருந்து சென்றவையே.

மாணவ நண்பர்களுக்கு இன்னுமொரு சொல். பரீட்சைக்கு இம்முறை பயன்படுமா என்று நீங்கள் கேட்கலாம். நிச்சயம் பயன்படும். கதையிலிருந்து சான்று காட்டி எழுதிய விடைக்கும், பொதுவாக நீதி பேசிய விடைக்கும் உள்ள வேற்றுமையைத் திருத்துபவர் முதற்பந்தியிலேயே கண்டுகொள்வார். ஆனால், அதனினும் பெரிய பரீட்சை பாடசாலைக்கு வெளியே காத்திருக்கிறது. ஒருநாள் உங்கள் கைபேசிக்கு ஒரு செய்தி வரும். அதில் ஒரு படமும், ஓர் இனத்தின் பெயரும், கோபமூட்டும் நான்கு வரிகளும் இருக்கும். அதனை மற்றவர்க்கு அனுப்புமுன் நடுவே ஒரு கோடிடுங்கள். இதில் உள்ளது எது, நாம் கொண்டுவந்தது எது என்று பாருங்கள். குண்டசாலைச் சுற்றுவட்டத்தில் 2018 மார்ச்சில் அக்கோட்டை இட்டவர் சிலரேனும் இருந்திருப்பர். அவர் எண்ணிக்கை பெருகவேண்டும். அதற்கு வழிசெய்வதே இலக்கிய ஆசிரியரின் கடமை. அதற்குத் துணைநிற்பதே பெற்றோரின் கடமை.